பெட்டியில் இருக்கும் திரி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சாயல்குடிப் பக்கத்துக்காரன். வயது 33. ஆறு வருஷமாகக் கத்தாரில் ஓர் எரிவாயு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சாதாரண நாளிலேயே 12 மணி நேர வேலை. ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வந்துவிட்டால் ஒரு மாதம், ஒன்றரை மாதம் லீவே கிடையாது. பகல் ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் மாறி மாறி வரும்.

ஊரில் இருந்தவரை குளித்துத் திருநீறு பூசி, மாடத்தில் விளக்கேற்றிவிட்டுத்தான் பச்சைத்தண்ணீரே குடிப்பேன். திங்கட்கிழமை ஒருபொழுது. இங்கே வந்த முதல் வருஷம் எல்லாவற்றையும் அப்படியே செய்யப் பார்த்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக விட்டுப்போயிற்று. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்தால் ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா தவறிவிட்டார். மூத்த மகன் நான்தான். சேதுக்கரையில் தர்ப்பணம் கொடுத்தது லீவில் வந்தபோது ஒரே ஒரு தடவை.

என் ரூமில் இருப்பவர் கீழக்கரைக்காரர். அதே ஷிஃப்ட், அதே வெயில். அஞ்சு வேளையும் தொழுதுவிடுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா தினமும் வீடியோ காலில் ‘விளக்கேத்திட்டியாப்பா?’ என்று கேட்பார். ‘ஆமாம்மா’ என்பேன். மூன்று வருஷமாக இந்தப் பொய். நீங்களும் வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன், இதை எப்படிச் சரி செய்வது? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் காதில் முதலில் கேட்டது ஓர் அலாரச் சத்தம்.

குவைத்தில் நர்ஸாகச் சேர்ந்த முதல் வருஷம். திருக்கார்த்திகை. ஊரிலிருந்து கொண்டுபோன ஆறு அகலை ஹாஸ்டல் ரூம் ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்து, நல்லெண்ணெய் விட்டு ஏற்றினேன். கும்பிட்டுக் கண்ணைத் திறப்பதற்குள் கூரையில் இருந்த புகைக் கருவி அலற ஆரம்பித்துவிட்டது. நாலு மாடி. நைட் டியூட்டி பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நைட்டியோடு, தலையில் துண்டோடு, படியிறங்கித் தெருவில் நின்றார்கள். என் கையில் எண்ணெய்ப் பிசுக்கு. மறுநாள் எழுத்தில் எச்சரிக்கை. மலையாளத்துப் பிள்ளைகள் ஒரு மாதம் என்னை ‘தீபம்’ என்றே கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் விளக்கு ஏற்றவில்லை. நீங்களும் ஏற்ற வேண்டாம். தீக்குச்சியைப் பார்த்தாலே பதறுகிற தொழிலில் இருக்கிறீர்கள், முகாம் ரூமில் நெருப்பு வைப்பது பக்தி ஆகாது. பேட்டரி விளக்கு விற்கிறார்கள், திரி ஆடுவது போலவே ஆடும். வைத்துக்கொள்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

ஆனால் எனக்கு விளக்கைவிடப் பெரிய சிக்கல் தீட்டுதான். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் கொல்லையில் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்க விடாத குடும்பம் எங்களுடையது. என்னைப் போட்டதோ தீவிர சிகிச்சைப் பிரிவில். முதல் வாரமே ஒரே ராத்திரியில் இரண்டு பேர் போய்விட்டார்கள். கண்ணை மூடிவிட்டு, குழாய்களை எல்லாம் எடுத்து, உடம்பைத் துடைத்து, பெயர்ச்சீட்டுக் கட்டி அனுப்பியவள் நான்தான். இந்தக் கையோடு எந்தச் சாமியைத் தொடுவது? குளித்துவிட்டு வரலாம் என்றால் அடுத்த கட்டிலில் மணி அடிக்கிறது.

கை கழுவுகிற தொட்டியில் போய் நின்றேன். சோப்புப் போட்டுக் கை கழுவுவது எங்கள் தொழிலில் ஒரு கணக்கு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசை உண்டு, முழுசாகச் செய்தால் 40 முதல் 60 விநாடி ஆகும். அன்றைக்கு அழுதுகொண்டே கழுவினேன். வாய் தன்னால் ‘நமசிவாய’ என்றது. எங்கள் அப்பா உத்தரகோசமங்கை மங்களநாதரை விட்டால் வேறு சாமி தெரியாதவர், அவர் வாயிலிருந்து வந்து ஒட்டிய சொல். கை கழுவி முடிக்கும்போது எண்ணிப் பார்த்தால் ஏறக்குறைய இருபது தரம் வந்திருந்தது. அடுத்த தடவை கழுவும்போதும் வந்தது. ஒரு ஷிஃப்டில் ஒரு நர்ஸ் எத்தனை தரம் கை கழுவுவாள் என்று நினைத்துப் பாருங்கள். நான் ஒரு நிமிஷம்கூடத் தனியாக ஒதுக்கவில்லை. ஆஸ்பத்திரியே எனக்கு ஒதுக்கிக் கொடுத்தது.

நாகப்பட்டினத்து நுளைப்பாடி அதிபத்தர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பரதவர். 63 நாயன்மாரில் ஒருவர். தினமும் வலையில் விழுந்ததில் ஒரு மீனைச் சிவனுக்கு என்று திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார், அவ்வளவுதான் அவர் பூசை. இன்றைக்கும் ஆவணி ஆயில்யத்தில் நாகையில் அதை விழாவாகச் செய்கிறார்கள். சின்ன வயதில் அந்தக் கதையைக் கேட்கும்போது, ஒரே ஒரு மீன் விழுந்த நாளிலும் அதையே விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தாரே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. குவைத்தில் வேறொன்று தெரிந்தது. அந்த மனுஷர் கோயிலுக்குப் போகத் தொழிலை நிறுத்தவில்லை. வலையை இழுக்கிற அதே கையால், இழுத்த இடத்திலேயே, முடித்துவிட்டார். (பட்டினிப் பகுதியை நீங்கள் பின்பற்ற வேண்டாம். வெயிலில் 12 மணி நேரம் நிற்கிறவருக்கு ஒருபொழுது ஆகாது. ஷட்டவுன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்.)

ஆகவே தம்பி, உங்கள் வேலையில் அந்த மீன் எது என்று பாருங்கள். என் கணவர் ஆலை வேலைக்காரர்தான். அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆலையில் இருக்கும் ராட்சதப் பாத்திரத்துக்குள் இறங்குவதற்கு முன்னால், உள்ளே காற்று சரியாக இருக்கிறதா என்று கேஸ் டெஸ்ட் எடுத்து, இறங்குவதற்கான பெர்மிட் கையெழுத்தாகி வரும்வரை வாசலில் நிற்க வேண்டுமாம். சில நாள் அரை மணி நேரம்கூட ஆகும். கையில் போனும் இருக்காது. எல்லோரும் அந்த நேரத்தில் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்கள். அது ஒரு நல்ல மீன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மருந்து அளக்கும்போது நான் எந்தச் சாமி பெயரையும் சொன்னதில்லை. மி.லி. கோட்டைத்தான் பார்ப்பேன். அந்த நேரத்தில் சாமியும் அதைத்தான் பார்க்கச் சொல்லும். கேஜ் பார்க்கிற கண்ணும் வால்வில் இருக்கிற கையும் வேலைக்கு மட்டும். மந்திரம் காத்திருக்கிற நேரத்துக்கு.

இதிலும் ஒரு தப்புப் பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருஷம் ஒரு நோட்டுப் போட்டு எண்ண ஆரம்பித்தேன். இன்றைக்கு 600, நேற்று 480 என்று கட்டம் கட்டி எழுதினேன். குறைந்த நாளில் எரிச்சல் வரும், கூடிய நாளில் பக்கத்து ரூம்காரியைப் பார்த்து ஒரு மிதப்பு வரும். டியூட்டி ரோஸ்டர் போட்டுப் போட்டுச் சாமிக்கும் அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். அந்த நோட்டைக் கிழித்து மளிகைக் கணக்கு எழுதினேன். உங்கள் கடிதத்திலும் அந்த நோட்டு வாசனை கொஞ்சம் அடிக்கிறது. விளக்கு, ஒருபொழுது, தர்ப்பணம் என்று விட்டதை எல்லாம் பட்டியல் போட்டிருக்கிறீர்களே தவிர, எது இல்லாமல் உங்களுக்கு ஏக்கமாக இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை.

கீழக்கரைக்காரரைப் பார்த்து வெட்கப்பட வேண்டாம், பொறாமையும் வேண்டாம். அவருக்கு வேளை குறித்துக் கொடுத்திருக்கிறது, அந்த நாட்டில் ஊரே அந்த வேளைக்கு நிற்கிறது, ஆலையிலும் இடம் இருக்கும். அதையும் மீறி ராத்திரி ஷிஃப்ட் முடிந்து சுபுஹு என்கிற விடியல் தொழுகைக்கு நிற்பது அவருடைய உறுதி, அதை மதிக்க வேண்டும். ஆனால் அவரிடமே கேட்டுப் பாருங்கள், பயணத்தில் இருப்பவர் நாலு ரக்அத்தை, அதாவது தொழுகைச் சுற்றை, இரண்டாகச் சுருக்கித் தொழலாம் என்று அங்கேயும் சலுகை உண்டு. நம்மிடம் மட்டும் இல்லையா என்ன? சிவனுக்கு ஆகாது என்று பொதுவாக ஒதுக்கிய தாழம்பூ நம்ம உத்தரகோசமங்கையில் ஏறுகிறது. விதி எழுதினவர்களே விலக்கும் எழுதியிருக்கிறார்கள். நமக்குத்தான் விதி மட்டும் பயத்தோடு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை ஒன்று சொல்ல வேண்டும். கத்தாரிலும் குவைத்திலும் வார விடுமுறை வெள்ளிதான். நம்ம வீட்டில் தலைக்குக் குளித்து, மாடம் துடைத்து விளக்குப் போடுகிற அதே வெள்ளி. இப்படி ஒரு பொருத்தம் லண்டன்காரர்களுக்குக் கிடைக்காது. டியூட்டி இல்லாத வெள்ளியில் நான் சீயக்காய் தேய்த்துக் குளித்து, திருநீறு இட்டு, அப்பா சொல்லிக்கொடுத்த நாலு பாட்டை மெதுவாகப் பாடுவேன். பத்து நிமிஷம். மற்ற ஆறு நாளும் குழாயடிதான்.

தர்ப்பணம் கொஞ்சம் வேறு விஷயம். அதில் அப்பாவும் இருக்கிறார் அல்லவா, அதனால் நினைத்தபோது செய்கிறேன் என்று விட முடியாது. வருஷத்துக்குப் பன்னிரண்டு அமாவாசையும் உங்களால் ஆகாது. ஆடி, புரட்டாசி மகாளயம், தை என்று மூன்று. கூடவே அப்பாவின் திதி. இந்த நாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த நாலு நாளுக்கு ஷிஃப்ட் மாற்றிக் கேட்க ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவைக்கலாம். கீழக்கரைக்காரரிடமே கேட்கலாம், பெருநாளுக்கு நீங்கள் அவருக்காக நின்றிருப்பீர்களே.

நாள் பார்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில்தான் தொடங்கி முடிகிறது, கடிகாரம்தான் மாறும். கத்தார் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஊர்க் காலண்டரில் அமாவாசை மதியம் 1 மணி வரை என்று போட்டிருந்தால், அங்கே காலை 10.30-க்கே முடிந்துவிடும், கத்தார் உச்சிவேளையில் அமாவாசை இருக்காது. ஆகவே எந்த நாள், எந்த வேளை என்று சேதுக்கரையில் உங்கள் குடும்பத்துக்குச் செய்துவைக்கிறவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் பதில் போடுவார்கள், இப்போது எல்லோரும் போடுகிறார்கள். குளித்துவிட்டு, தெற்கே பார்த்து, எள்ளும் தண்ணீரும் கையால் விட்டு, அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்களைச் சொல்லுங்கள். ஒரு தாம்பாளத்தில் விட்டு, அப்புறம் கால் படாத இடத்தில் மரத்தடியில் ஊற்றிவிடலாம். தர்ப்பைக்கு அம்மாவிடம் சொல்லுங்கள். ராமர் புல் பரப்பிப் படுத்த திருப்புல்லாணி பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு கட்டு வாங்கி யாரிடமாவது கொடுத்துவிடுவார். அந்தப் படுக்கையிலும் ராமர் மூன்று நாள் சும்மா காத்துக்கிடந்தார் என்றுதான் சொல்கிறார்கள், கடல் வழி விடட்டும் என்று.

மெஸ் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் பேசப்போவதில்லை.

கடைசியாக அம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு முள்ளாகக் குத்தியது அந்த ‘ஆமாம்மா’தான். விளக்கு ஏற்றாதது ஒரு குறை என்றால் சரி, அது ஒரு நாள் குறை, அன்றோடு போச்சு. பொய் தினமும் ஏறுகிறது. அதுவும் சாமி பெயரில். மூன்று வருஷமாக நீங்கள் விடாமல் செய்துவருவது அது ஒன்றைத்தான்.

நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு வீடியோ கால் இல்லை, அதனால் பொய் சுலபம். வாரம் ஒரு தடவை பக்கத்து வீட்டு டெலிபோனில் அம்மா வந்து நிற்பாள். நிமிஷத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பேசுகிற காலம், ஆனாலும் முதல் கேள்வி விளக்குதான். ‘ஏத்துறேம்மா’ என்பேன். லீவில் போகும்போதெல்லாம் அம்மா தன் தொடையில் வைத்து உருட்டிய பஞ்சுத்திரியை, நூறு நூறாகக் கட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிக் கொடுத்துவிடுவாள். வீட்டு வாசலில் வெயிலில் உட்கார்ந்து அந்தத் திரியை உருட்டுகிற கையை எனக்குத் தெரியும். அதையும் வாங்கிக்கொண்டு போவேன்.

நாலாவது வருஷம் ஒரு நாள் டெலிபோனிலேயே சொல்லிவிட்டேன். இங்கே விளக்கேற்ற விடமாட்டார்கள் அம்மா, முதல் கார்த்திகைக்கு ஏற்றினதோடு சரி, கை கழுவும்போது நமசிவாய சொல்கிறேன், அவ்வளவுதான் என்று. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்றே நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சேவல் கூவுவது கேட்டது.

‘அப்ப நான் குடுத்துவிட்ட திரியெல்லாம்?’ என்றாள்.

பெட்டியில் இருக்கும்மா என்றேன்.

‘ஈரம் படாம வை’ என்றாள். அப்புறம் தங்கச்சி பிள்ளைக்குப் பல் முளைத்த கதைக்குப் போய்விட்டாள்.