டர்பன் படையாச்சிகள் எல்லாரும் எங்கள் பங்காளிகளா?

கேள்வி (திண்டிவனம் பக்கத்து வாசகர் ஒருவர்): எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வெள்ளைக்காரன் காலத்தில் நேட்டாலுக்குக் கப்பல் ஏறிப் போனவர், திரும்பி வரவே இல்லை. ஃபேஸ்புக்கில் டர்பன் என்று தேடினால் படையாச்சி என்ற பெயரில் ஏகப்பட்ட பேர் வருகிறார்கள். நாங்களும் படையாச்சிதான். இவர்களில் யார் எங்கள் ஆட்கள் என்று நூலகம், ஆவணக் காப்பகம் வழியாகக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் படையாச்சி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் முடியாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு, தென்னாப்பிரிக்காவில் நேட்டால் காலனியின் துறைமுகமான டர்பனில் போய் நின்றது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்கள் 1,52,184 பேர், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இவர்களில் பெரும்பாலான தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. நமக்கு இருந்தது ஒரு பெயர், அப்பா பெயர், ஊர், அப்புறம் படையாச்சி மாதிரி ஒரு சாதிப் பட்டம், அவ்வளவுதான். அங்கே போய்ப் பிள்ளை பிறந்து, பிறப்பைப் பதிந்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ‘சர்நேம்’ என்ற கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டும். ஒருவர் பட்டத்தை எழுதினார், இன்னொருவர் அப்பா பெயரை எழுதினார். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளிலேயே ஒருவர் வாரிசு இன்று படையாச்சி, இன்னொருவர் வாரிசு பெருமாள் என்று இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: ஊரில் இல்லாத பட்டத்தை அங்கே போய்ப் போட்டுக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கடல் தாண்டியபின் யார் கேட்கப்போகிறார்கள்? அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் தேடுகிற நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதனால் டர்பனில் படையாச்சி என்று இருப்பவர் உங்கள் பங்காளியாக இருக்கலாம், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம், உங்கள் சொந்தப் பங்காளி வேறு ஏதோ பெயரில் பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

சரி, எதைப் பிடிப்பது? ஊரையும் நம்பரையும்.

போன ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். காலனி நம்பர் என்பார்கள். கப்பல் பட்டியலில் அந்த நம்பருக்கு எதிரே பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். இந்தப் பட்டியல்களின் மூலப்பிரதி தென்னாப்பிரிக்க அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. க்வாசூலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுத்துலி ஆவண மையம் இதைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது, அதனால் முதல் சுற்றுத் தேடலுக்கு நீங்கள் டர்பன் போக வேண்டியதில்லை.

பட்டியலைக் கையில் எடுத்ததும் பெயரைத் தேடாதீர்கள். ஜில்லா தென்னாற்காடு, தாலுகா திண்டிவனம், பிறகு உங்கள் கிராமம் என்று வடிகட்டுங்கள். ஒரு சின்னக் கிராமத்திலிருந்து போனவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருப்பார்கள், அதற்குள் பெயரையும் அப்பா பெயரையும் பார்த்தால் போதும். பட்டியல் எழுதியவர் தன் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே முனுசாமி மூன்சாமி, மூனிசாமி, முன்சாமி என்று விதவிதமாக இருப்பார். ஊர்ப் பெயர் இன்னும் மோசம். எழுத்துக்கூட்டிப் பார்த்தால் ஒன்றும் புரியாது, வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள், பல ஊர்கள் தானாக நம் ஊராக மாறிவிடும்.

இதற்கு உங்கள் எள்ளுத்தாத்தா பெயர், அதாவது போனவரின் அப்பா பெயர், உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். வீட்டில் பழைய பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று பரணில் பாருங்கள். அந்தக் காலக் கிரயப் பத்திரங்களில் ‘இன்னார் குமாரர் இன்னார், ஜீவனம் விவசாயம்’ என்று எழுதியிருப்பார்கள், அந்த ஒரு வரி நமக்குத் தங்கம். பத்திரம் தொலைந்திருந்தால், பதிவான வருடமும் நம்பரும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனு போடலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் இன்னும் நல்லது, ஊரில் இல்லாத தம்பியின் பங்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்கக்கூடும். குலதெய்வக் கோயிலில் பழைய தலைக்கட்டு வரி நோட்டு யார் வீட்டிலாவது இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இதையெல்லாம் விட முக்கியம், வீட்டில் வயதான பெண்கள் இருந்தால் இந்த வாரமே போய் உட்கார்ந்து கேளுங்கள். ஆண்களுக்கு நிலக்கணக்கு ஞாபகம் இருக்கும், பெண்களுக்குத்தான் யாருக்கு யார் என்ன முறை என்பது ஞாபகம் இருக்கும்.

நம்பர் கிடைத்துவிட்டால் அங்கிருந்து கீழே இறங்கலாம். நேட்டாலில் ஒப்பந்தக் கூலிகளின் கல்யாணப் பதிவிலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலும் பெற்றோரின் நம்பரைக் குறித்தார்கள். பிற்காலத்தில் சொத்து வைத்துவிட்டு இறந்தவர்களுக்கு ‘டெத் நோட்டீஸ்’ என்று ஒரு படிவம் உண்டு. இறந்தவரின் அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் பெயர்கள் எல்லாம் அந்த ஒரே தாளில் வந்துவிடும். நான் இதற்கு இணையான ஒரு காகிதத்தை நம் ஊர் அலுவலகங்களில் பார்த்ததில்லை. நேட்டாலின் தலைநகரான பீட்டர்மரிட்ஸ்பர்க்கின் சொத்துக் கோப்புகள் 1950 வரைக்கும், வம்சாவளி தேடுகிறவர்களுக்கான ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இருக்கின்றன. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையிலும் பெயர் போட்டுத் தேடலாம், அது அட்டவணை மட்டும்தான், கோப்பைப் பார்க்கத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி (டர்பனிலிருந்து ஒரு வாசகி): எங்கள் சர்நேம் மூன்சாமி. இங்கே நிறைய மூன்சாமி குடும்பங்கள் இருக்கின்றன. நாங்கள் எல்லாரும் ஒரே வேரா? தமிழ்நாட்டில் எங்கள் ஊர் எது என்று தெரியவில்லை.

பதில்: அம்மா, அது ஒரு குடும்பத்தின் பெயர் இல்லை, உங்கள் முன்னோர் ஒருவரின் சொந்தப் பெயர். அந்தக் காலத்தில் வடதமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு முனுசாமி இருந்தார். அதனால் மற்ற மூன்சாமிகளிடம் போவதற்கு முன்னால் உங்கள் பாட்டனாரின் கல்யாணப் பதிவைத் தேடுங்கள், அதில் நம்பர் இருந்தால் ஊர் கிடைத்த மாதிரி.

ஊர் கிடைத்ததும் மாவட்டத்தில் ஒரு சிக்கல் வரும். பட்டியலில் வட ஆற்காடு என்று இருந்தால் அது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எதுவாகவும் இருக்கலாம். சித்தூர் மாவட்டம் 1911-ல்தான் உருவானது, அதற்கு முன் சித்தூரும் வட ஆற்காடுதான், ஆகவே உங்கள் ஊர் இன்று ஆந்திராவிலும் இருக்கலாம். மாவட்டத்தை விட்டுவிட்டு தாலுகாவையும் கிராமத்தையும் நம்புங்கள். வாண்டிவாஷ் என்று இருந்தால் வந்தவாசி.

காந்தியின் தென்னாப்பிரிக்க சத்தியாகிரகத்தில் சிறை போன தில்லையாடி வள்ளியம்மையை நினைத்துப் பாருங்கள். அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1914-ல் இறந்ததும் அங்கேதான். ஆனாலும் தாயின் ஊர் பெயரோடு ஒட்டிக்கொண்டதால் தரங்கம்பாடி பக்கத்தில் இருக்கும் தில்லையாடியை நாம் இன்றைக்கும் கைகாட்ட முடிகிறது. அப்பா முனுசாமி முதலியார் பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் எங்கே போய் நிற்போம்! உங்கள் வீட்டில் யாராவது சத்தியாகிரகத்தில் சிறை போயிருந்தால் காந்தி அங்கே நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் பழைய இதழ்களையும் புரட்டுங்கள். கைதானவர்களின் பெயர்கள் அதில் வந்தன, காந்தி ஹெரிடேஜ் போர்ட்டல் என்ற இணையதளத்தில் படிக்கலாம்.

கேள்வி (கோத்தகிரியிலிருந்து): நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். எங்களுக்கும் இப்படிக் கப்பல் பட்டியல் உண்டா?

பதில்: நேட்டால் மாதிரி ஆளுக்கொரு நம்பரும் ஊரும் எழுதிய பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பெரும்பாலும், ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியோடு கூட்டமாகப் போனவர்கள், கணக்கும் கங்காணி பெயரிலேயே ஓடியது. அதனால் நீங்கள் பின்னாலிருந்து தொடங்குங்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்தவர்கள் என்றால் வீட்டில் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்க வேண்டும். அதில் இருக்கும் தோட்டத்தின் பெயர், அதன் உட்பிரிவான டிவிஷன் பெயர் இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்திலிருந்து வந்த வேறு குடும்பங்களைத் தேடுங்கள். ஒரே கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே வட்டாரத்து ஊர்க்காரர்கள், உங்கள் ஊர்ப் பெயர் உங்கள் வீட்டில் மறந்துபோயிருந்தாலும் அவர்கள் வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருக்கும்.