மண்வள அட்டையில் வராத குரோமியம்

கேள்வி: ஆம்பூர் அருகே பாலாற்றங்கரையில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அப்பா காலத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீர் பாய்ந்த மண். இப்போது ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம். வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது. மண்வள அட்டையில் சத்துகள் போதுமான அளவு என்று வந்துள்ளது. கீரை போடலாமா? சுண்ணாம்பு இட்டால் நஞ்சு முறியுமா?

பதில்: இப்போதைக்குக் கீரை வேண்டாம். மண்வள அட்டையில் உள்ள 12 அளவுகளும் பயிர்ச் சத்துகள், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து பற்றியவை. துத்தநாகமும் தாமிரமும்கூடப் பற்றாக்குறை பார்ப்பதற்காகவே அதில் இருக்கின்றன. நச்சு உலோகங்களான குரோமியம், காட்மியம், ஈயம் மூன்றையும் தனியாகக் கேட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

வரப்போரம் பூப்பது குரோமியம் அல்ல. பெரும்பாலும் தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்பின் மிச்சம். நல்ல நீரும் வடிகாலும் இருந்தால் ஜிப்சம் இட்டு அந்த உப்பிலுள்ள சோடியத்தை வடித்துவிடலாம். குரோமியம் அப்படிப் போகாது. தோல் பதனிடுவதற்குப் பயன்படும் குரோமியம்-3 என்ற வடிவம் மேல் மண்ணிலேயே ஒட்டித் தங்கிவிடும். வேரைத் தாண்டி அதிகம் ஏறாது. அஞ்ச வேண்டியது அதன் இன்னொரு வடிவமான குரோமியம்-6. அது நஞ்சு மிகுந்தது, நீரோடு நகரக்கூடியது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் 3-ஐ 6 ஆக மாற்ற வல்லவை. கரிமப் பொருள் 6-ஐத் திரும்பவும் 3 ஆக்கிவிடும். அதனால் மக்கிய தொழு உரத்தைத் தாராளமாக இடுங்கள். சுண்ணாம்பைத் தொடாதீர்கள், அமில மண்ணில் காட்மியத்தைக் கட்டிப்போட அது உதவும், ஆனால் காரம் ஏறிய மண்ணில் குரோமியம்-6 இன்னும் எளிதாக நகரும்.

கீரையை ஏன் தடுக்கிறேன்? மழைத்துளி தெறித்து மண் இலையில் ஒட்டும்; அதைக் கழுவிவிடலாம். ஆனால் இலைக்குள் ஏறிய காட்மியத்தைக் கழுவ முடியாது. மல்லிகை, சம்பங்கி, சவுக்கு என்று உண்ணாத பயிருக்குப் போவது நல்லது. உப்பு நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்று சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அறுத்த தட்டையை மாட்டுக்கும் போட முடியாது, குப்பைக்குழியிலும் சேர்க்க முடியாது.

மாதிரி எடுக்கும்போது நீர் நுழையும் வாய்மடைப் பகுதியைத் தனியாகவும் கடைமடையைத் தனியாகவும் எடுங்கள். கழிவு படிவது வாய்மடையில்தான் அதிகம். இரண்டையும் கலந்தால் உண்மை மறைந்துவிடும். 15 செ.மீ. ஆழம் வரை வெட்டி, துருப்பிடித்த மண்வெட்டி பட்ட மண்ணை மரக்குச்சியால் சுரண்டி நீக்கிவிட்டு உள்மண்ணை எடுங்கள். மொத்தக் குரோமியம், குரோமியம்-6 இரண்டையும் கேளுங்கள்.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்தது இந்த வேலூர்ப் பகுதித் தோல் கழிவு வழக்கில்தான். இன்றும் சோதனைச் செலவு உழவர் தலையில் விழுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் குடிப்பதும் அதே கிணற்று நீர் என்றால் மண்ணுக்கு முன்னால் அதைச் சோதியுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நீர் மஞ்சளாகத் தெரிந்தால் முடிவு வரும்வரை குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.