ஆண்கடலா, பெண்கடலா? - ராமேசுவரம் கயாக் பயணம்: வாசகர் கேள்வி பதில்

ராமேசுவரம் பக்கம் விடுமுறைக்குப் போகிறவர்கள் காலையில் அரை நாள் கயாக் என்ற சிறு துடுப்புப் படகை ஓட்டி, ஸ்நார்க்கல் என்ற மூச்சுவிடும் குழாயை மாட்டிக் கடலடியையும் பார்த்துவிட்டு வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

மே மாத விடுமுறையில் 9, 13 வயதுப் பிள்ளைகளோடு போகிறோம். ஒருவர் தீவின் வடக்குக் கரையில் கூட்டிப்போவதாகச் சொல்கிறார், இன்னொருவர் தெற்குக் கரையில் குந்துகால் பக்கம் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
*- மதுரை வாசகி*

கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தீவின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூர் மீனவர்கள் வடக்கைப் பெண்கடல் என்றும் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடக்கு ஆழம் குறைந்த கடல், பெரிய அலை எழ இடமில்லை. தெற்கே திறந்த சமுத்திரத்தின் அலை நேராக வந்து சேரும். ஆனால் பெண்கடல் எப்போதுமே சாது என்று நினைத்துவிடக் கூடாது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது கொந்தளிப்பது வடக்குக் கரைதான். தெற்குக் கரை அப்போது தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பிவிட்டால் நிலைமை தலைகீழ்.

மே மாதம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மாதம். முதல் பாதியில் விடிகாலைக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், பிற்பாதியில் கச்சான் வலுக்கத் தொடங்கும். பிள்ளைகளோடு என்பதால் மே முதல் வாரம், வடக்குக் கரை, காலை ஆறரைக்குத் தண்ணீரில் இறங்கி பத்து மணிக்குள் கரையேறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதிலும் நல்ல பருவம் எது என்று கேட்டால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்பேன். காற்றும் குறைவு, தண்ணீரும் தெளிவு.

வடக்கு, தெற்கு எதுவானாலும் "இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொல்கிறவரோடு போகலாம். "கடல் எப்பவும் நல்லாத்தான் இருக்கும்" என்பவரோடு வேண்டாம்.

ஜூலையில் வடக்குக் கரையில் கயாக் ஓட்டினோம். கடல் குளம்போல இருந்தது. போகும்போது சுகமாகப் போனோம், திரும்பும்போது கை கழன்றுவிட்டது. ஏன்?
*- கோவை வாசகர்*

கடல் குளம்போல இருந்ததுதான் காரணம் என்றால் நம்புவீர்களா? ஜூலையில் காற்று தென்மேற்கு. வடக்குக் கரையில் அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலை எழும்ப அதற்குத் தூரம் போதாது, அதனால் தண்ணீர் தட்டையாகத் தெரியும். ஆனால் தள்ளுவதை அது நிறுத்தவில்லை. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் காற்றில்லாத நீரில் மணிக்கு 4 கிலோமீட்டர் போவார். 10 நாட் காற்று, அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், முகத்தில் அடித்தால் அது பாதியாகும். களைத்துப் போனால் இன்னும் குறையும். கால் மணி நேரத்தில் போன ஒரு கிலோமீட்டரைத் திரும்பிக் கடக்க அரை மணிக்கு மேல் ஆகும். துடுப்பை நிறுத்தி மூச்சு வாங்கினால் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பீர்கள்.

அதனால் கெட்டிக்கார வழிகாட்டி முதல் பாதியைக் காற்றுக்கு எதிராகவே வைப்பார். கச்சான் காலத்தில் வடக்குக் கரையில் முதலில் மேற்கு நோக்கி, கரையை ஒட்டி நூறு மீட்டருக்குள், தெம்பு இருக்கும்போதே போய்விட்டுக் காற்றோடு திரும்புவது. புதியவர்களை அழைத்துப் போக 10 நாட் தாண்டினால் பயணத்தைச் சுருக்குவது, 12 தாண்டினால் ரத்து செய்வது நல்ல அளவுகோல்.

எனக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் போட்டால் போதுமா?
*- சேலம் வாசகி*

கயாக்குக்குப் போதும், அது உங்கள் உடம்புக்குப் பொருந்தினால். கடைசியில் சொன்னதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

துடுப்புப் போடுபவர்கள் அணியும் மெல்லிய வகை 50 நியூட்டன் மிதவை விசை கொண்டது. அது நீந்தத் தெரிந்தவருக்கு உதவும், அவ்வளவுதான். 100 நியூட்டன் வகைதான் மயங்கியவரைக்கூட முகம் மேலே வருமாறு திருப்ப வடிவமைத்தது. உள்பக்க முத்திரையில் இந்த எண்ணும், எத்தனை கிலோ எடையுள்ளவருக்கு என்பதும் இருக்கும். நீச்சல் தெரியாதவர் 100 கேட்டு வாங்க வேண்டும்.

போட்டு, எல்லாக் கொக்கியும் மாட்டி, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு மேலே வாருங்கள். ஒருவரை ஜாக்கெட்டின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதைத் தொட்டால் அளவு பெரிது. குழந்தைக்குத் தொடையிடுக்குப் பட்டை இருப்பதையே கேளுங்கள், பெரியவர் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கக் கூடாது. அதன்பின் நெஞ்சளவு நீரில் நின்று காலைத் தூக்குங்கள். தாடை நீருக்கு மேல் நிற்க வேண்டும். வெயிலில் வெளுத்து, உள்ளே பஞ்சு பொடிப்பொடியாக நொறுங்குகிற ஜாக்கெட்டை மாற்றித் தரச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஸ்நார்க்கல் வேறு கதை. முகம் நீருக்குள் போனதும் பதறுகிறவர் முதல் நாளே நீச்சல் குளத்தில் மாஸ்க் போட்டுப் பழகட்டும். இல்லையென்றால் அன்றைக்குக் கயாக் மட்டும் போதும்.

அரை நாளில் என்னென்ன நடக்கும்?
*- விழுப்புரம் வாசகர்*

கரையில் விளக்கமும் பயிற்சியும் முக்கால் மணி, கயாக் ஒன்றரை மணி, ஸ்நார்க்கல் அரை மணியிலிருந்து முக்கால் மணி, மிச்சம் தண்ணீர் குடிக்கவும் படம் எடுக்கவும். இந்த முக்கால் மணியை "டைம் வேஸ்ட்" என்று யாராவது தவிர்க்கப் பார்த்தால் விடாதீர்கள்.

அதில் கட்டாயம் இருக்க வேண்டியது கவிழ்ந்து ஏறும் பயிற்சி, இடுப்பளவு நீரில். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக்கில் கவிழ்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ள வழியில்லை, விழுந்துவிடுவோம். துடுப்பை விடாதீர்கள். கயாக் தலைகீழாகிவிட்டால் அதன் வயிற்றின் மேல் கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்து இழுத்துப் புரட்டுங்கள். பிறகு நடுப்பகுதிக்கு வந்து, உடம்பு நீர்மட்டத்துக்குக் கிடையாக வரும்வரை காலை உதைத்து, ஒரே மூச்சில் வயிறு கயாக்கின் குறுக்கே வருமாறு ஏறுங்கள். உடனே உட்கார முயன்றால் மறுபடியும் விழுவீர்கள். முதலில் வயிறு, பின்பு புரண்டு புட்டம், கடைசியில் கால். இருவர் கயாக்கில் ஒருவர் ஏறும்போது மற்றவர் எதிர்ப்பக்க விளிம்பில் தொங்கி எடைக்கு எடை கொடுக்க வேண்டும்.

இருவர் கயாக்கில் கனமானவர் பின்னால். முன்னால் கனமிருந்தால் மூக்கு நீரில் புதைந்து, திசை நிற்காது. தாளம் முன்னாலிருப்பவருடையது, திருப்புவது பின்னாலிருப்பவரின் வேலை. கணவன் மனைவி சண்டை பெரும்பாலும் இந்த ஒப்பந்தம் இல்லாததால் வருகிறது.

இன்னொன்று: கயாக்கின் பின்முனையில் சின்னத் திருகு மூடி இருக்கும், உள்ளே சேர்ந்த நீரை வடிக்க. அதை மாட்ட மறந்தால் முதல் அரை மணிக்கு ஒன்றும் தெரியாது. கயாக் வயிற்றில் நீர் ஏற ஏற அது தள்ளாட ஆரம்பிக்கும், ஓட்டுகிறவர் தன் கைதான் சரியில்லை என்று நினைப்பார். புறப்படும்முன் தொட்டுப் பாருங்கள். உட்காருமிடத்தில் உள்ள துளைகள் வேறு, அவை அலைநீர் வடிவதற்கு. கொஞ்சம் நனைவது இயல்புதான்.

என்ன உடுத்துவது? தாலியைக் கழற்ற மனமில்லை.
*- திண்டுக்கல் வாசகி*

கழற்ற வேண்டாம். உட்சட்டையின் உள்பக்கம் ஊக்கு குத்தி, அதன்மேல் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். வெளியே தொங்கினால் கயாக் ஏறும்போது கொக்கியில் மாட்டும். மோதிரம், வளையல், கொலுசு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும், நீரில் விரல் சுருங்கினால் மோதிரம் தானாகக் கழலும். முழுக்கை டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போதும். ஜீன்ஸ் நனைந்தால் கனம், துப்பட்டா வேண்டவே வேண்டாம். காலுக்குப் பட்டை வைத்த பழைய செருப்பு அல்லது ஷூ, ரப்பர் செருப்பு முதல் அலையிலேயே போய்விடும். கண்ணாடி அணிபவர்கள் பின்கழுத்துக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். செல்போன் உறையை முந்தின இரவே உள்ளே டிஷ்யூ காகிதம் வைத்து வாளியில் அரை மணி அமுக்கிச் சோதியுங்கள். வெறும் வயிற்றில் போக வேண்டாம், ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

மாஸ்க்கில் ஓயாமல் தண்ணீர் புகுந்தது. மாஸ்க் பழுதா?
*- தூத்துக்குடி வாசகர்*

மீசை வைத்திருக்கிறீர்களா? சிலிக்கோன் விளிம்பு தோலில் ஒட்டுவதால்தான் நீர் புகாது. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்தாலே பாதிக் கசிவு நின்றுவிடும். மீசைதான் பெரிது என்றால் மூக்கால் ஊதி நீரை வெளியேற்றப் பழகிக்கொள்ளுங்கள்: மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியில் அழுத்தி, முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் கீழ்விளிம்பு வழியே போய்விடும்.

மாஸ்க் சரியான அளவா என்று பார்க்க, பட்டை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் நிற்க வேண்டும். பட்டையை அதிகம் இறுக்குவது கசிவைக் கூட்டும், விளிம்பு மடங்கிவிடும். முடி ஒன்றிரண்டு உள்ளே சிக்கினாலும் கசியும். ஆவி படியாமல் இருக்கக் குழந்தை ஷாம்பு ஒரு சொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், எச்சிலும் வேலை செய்யும். மூச்சை நிறைய நேரம் பிடிக்க வேண்டும் என்று வேகவேகமாகப் பலமுறை மூச்சிழுத்துவிட்டு முங்கவே கூடாது. மூச்சுமுட்டும் உணர்வு வரும் முன்பே நீருக்குள் நினைவு தப்பும்.

பவளப்பாறையில் நின்று படம் எடுக்கலாமா? சங்கு, பவளத்துண்டு எடுத்துவரலாமா?
*- திருச்சி வாசகி*

இரண்டும் கூடாது. உள்ளூரில் "பார்" என்று சொல்லும் அந்தப் பாறை உயிருள்ளது, மிதித்தால் சாகும், உங்கள் காலையும் கிழிக்கும். பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டைப் பையில் போட்டாலும் வழக்குதான். கடல் அட்டை, கடல் குதிரைக்கும் அதே சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது. "குருசடைத் தீவில் கயாக்கை நிறுத்திச் சுற்றிப்பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் அனுமதிச்சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

விளம்பரப் படத்தில் இருக்கும் நீலக் கண்ணாடி நீரை எதிர்பார்க்காதீர்கள். வடக்குக் கரையில் மூன்று மீட்டர் தெரிந்தாலே நல்ல நாள். கடற்புல் வெளியும் அதற்குள் ஓடும் சின்ன மீன்களும்தான் அங்கே அழகு.

சொறி மீன், திருக்கை பயமாக இருக்கிறது.
*- தஞ்சாவூர் வாசகர்*

திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால்தான் வாலை வீசும். நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே போங்கள், அதுவே விலகிப்போகும். குத்திவிட்டால் காயத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைத்தால் வலி குறையும். முள் ஒடிந்து உள்ளே இருக்கலாம், டெட்டனஸ் ஊசியும் வேண்டும், ஆகவே மருத்துவமனை கட்டாயம். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தினால் முள்ளைப் பிடுங்கவே கூடாது.

சொறி பட்டால் கடல் நீரால் மட்டும் கழுவுங்கள். நல்ல நீர் ஊற்றினால் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் இன்னும் வெடிக்கும். மணல் போட்டுத் தேய்ப்பதும் அப்படியே. ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு அதே வெந்நீர் வைத்தியம். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் 108.

எனக்கு 64 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது.
*- சென்னை வாசகர்*

உங்கள் இதய மருத்துவர் சம்மதித்தால் மட்டும், அதுவும் ஸ்நார்க்கல் இல்லாமல். காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போடுவது மாடிப்படி ஏறுவதுபோல, நடுவில் உட்கார்ந்து இளைப்பாற முடியாத படி. தொண்டி அருகே காரங்காட்டில் வனத்துறை உதவியோடு ஊர் மக்கள் நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணம் உங்களுக்குப் பொருத்தமானது. அங்கே படகை வேறு ஒருவர் ஓட்டுவார்.

அரிச்சல்முனையில் இறங்கலாமா?
*- கரூர் வாசகர்*

வேண்டாம். இரண்டு கடலின் ஓட்டமும் முட்டும் இடம், கரை செங்குத்தாக இறங்கும். பார்த்துவிட்டு வாருங்கள்.

முன்பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?
*- ஈரோடு வாசகி*

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். திறந்த கடலில் புதியவர்கள் ஆறு பேருக்கு மேல் ஒருவரால் பார்க்க முடியாது. உயிர்காப்புப் பயிற்சிச் சான்று இருக்கிறதா, கோவாவில் உள்ள தேசிய நீர் விளையாட்டு நிறுவனத்தின் சான்றா என்று விசாரியுங்கள். இழுத்துவரும் கயிறு, முதலுதவிப் பெட்டி, விசில், உறையில் போட்ட செல்போன் இவை வழிகாட்டியின் கயாக்கிலேயே இருக்க வேண்டும், கரையில் இருந்து பிரயோஜனமில்லை. மோட்டார் வைத்த வல்லம் ஒன்று கூப்பிடு தூரத்தில் நிற்குமா என்பதும் முக்கியம்.

காற்று அதிகமென்று ரத்து செய்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் போய்விடும் என்ற பயத்தில்தான் பல குடும்பங்கள் "பரவாயில்லை, போகலாம்" என்று வழிகாட்டியை நெருக்குகின்றன. முந்தின நாள் மாலை ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் கடல்நிலை அறிவிப்பையும் மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையையும் நீங்களே பாருங்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தால் காற்றே இல்லாத நாளிலும் தெற்குக் கரையில் இறங்கக் கூடாது, அந்த அலை தொலைதூரச் சமுத்திரப் புயலிலிருந்து வருவது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால், எண் எதுவானாலும், கோயிலுக்குப் போங்கள்.

கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, கடலோரக் காவல் போலீஸ் 1093. உறைக்குள் போடும் முன் இரண்டையும் செல்போனில் பதிந்துவிடுங்கள். உறைக்கு மேலிருந்து ஈரக் கையால் எண்களை அழுத்துவது லேசில்லை.