மூன்று வாரத் தொண்டுக்கு நேபாளம் போகலாமா?

கேள்வி: மகளுக்கு 23 வயது, தையல் படித்தவள். ஆள்கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளைப் பராமரிக்கும் காத்மாண்டு இல்லமொன்றில் மூன்று வாரம் தொண்டு செய்ய ஆசைப்படுகிறாள். சுற்றுலா விசாவில் அனுப்பலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: அனுப்பாதீர்கள், அம்மா. நேபாளச் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது. பிடிபட்டால் அபராதம், நாடுகடத்தல். உரிய விசாவை அந்த இல்லமே எடுத்துத் தர வேண்டும்.

மூன்று வாரமும் போதாது. நம்பி ஏமாந்த பிள்ளைகள் அவர்கள். பழகிய அக்கா திடீரென்று போய்விட்டால் அந்தக் காயம் மறுபடி திறக்கும். குறைந்தது ஆறு மாதம் தங்க முடிந்தால் யோசிக்கலாம். முடியாவிட்டால் பிள்ளைகளுக்கு நேரடியாகக் கற்பிக்காமல், அங்குள்ள தையல் ஆசிரியைக்குப் பயிற்சி கொடுக்கட்டும். ஆசிரியை அங்கேயே இருப்பார், நேபாளியும் பேசுவார்.

நல்ல இல்லம் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும், முன்பு வேலை செய்த இடத்தில் விசாரிக்கும், சிறுவர் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து வாங்கும். காசு கட்டினால் போதும், உடனே வாருங்கள் என்கிற இடத்தை நம்பவே வேண்டாம்: உங்கள் மகளைச் சோதிக்காதவர்கள் வேறு யாரையும் சோதித்திருக்க மாட்டார்கள்.

போனால், பழைய கதையைக் கேட்கக் கூடாது. பிள்ளை தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அன்றைக்கே உளவள ஆலோசகரிடம் கொடுக்க வேண்டும். துருவிக் கேட்டால் நீதிமன்றத்தில் அவளுடைய சாட்சியம் பலவீனப்படும். கேட்காமல் தொடக் கூடாது. கதவை மறைத்து உட்காரவும் கூடாது. படம் எடுக்கவே கூடாது. முகத்தை மறைத்தாலும் ஜன்னல், சுவர், சீருடையை வைத்துக் கடத்தியவன் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான்.