வாசகர் கேள்வி: சீனமா, ஜப்பானியமா?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. ஸ்ரீசிட்டியில் ஜப்பான் கம்பெனி வேலைக்கு முயற்சி செய்கிறேன். சீனத்தில் இலக்கணமே இல்லை, அதுதான் சுலபம் என்கிறார்கள் நண்பர்கள். எதைப் படிக்கலாம், ஐயா?
– வாசகர், சத்தியவேடு

பதில்: ஜப்பானியம் படியுங்கள், தம்பி. வேலை அங்கே இருப்பது ஒரு காரணம். உங்கள் வீட்டு மொழி அதைவிடப் பெரிய காரணம்.

இரண்டுமே மிகக் கடினம், தலா 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்ற கணக்கைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அது ஆங்கிலம் பேசும் அமெரிக்க அரசு அலுவலர்களுக்காகப் போட்ட கணக்கு. தமிழ் வாய்க்கு அது பொருந்தாது. ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'சென்னைக்கு' என்பது 'சென்னை நி', 'சென்னையிலிருந்து' என்பது 'சென்னை கரா'. கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் 'கா' சேர்ப்பார்கள். துணைவினையும் அப்படித்தான். 'கத்தெ மிரு' என்றால் வாங்கிப் பார்ப்பது, அதில் 'மிரு' என்பதே பார்ப்பது. 'மத்தெ இரு' என்றால் காத்துக்கொண்டு இருப்பது. 'நேற்று வாங்கின புத்தகம்' என்பதையும் இதே வரிசையில், சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாம். ஆங்கிலத்தில் யோசித்து ஜப்பானியத்துக்குப் போனால் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கும். ஆகவே பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் எடுத்துக்காட்டுகளுக்குப் பக்கத்தில் தமிழிலேயே பொருள் எழுதுங்கள்.

ஆனால் உச்சரிப்பை மட்டும் தமிழ் எழுத்தில் குறிக்காதீர்கள். நம்மவர்கள் சறுக்கும் இடம் இதுதான். 'தெங்க்கி' என்று வல்லினமாகச் சொன்னால் வானிலை, முதல் எழுத்தை மெலிதாக 'தினம்' என்பதன் தெலுங்கு உச்சரிப்பில் உள்ளதுபோல ஒலித்தால் மின்சாரம். தமிழில் இரண்டுக்கும் ஒரே 'தெ' தான். தவிர, மெல்லினத்துக்குப் பின்னும் இரண்டு உயிருக்கு நடுவிலும் வரும் வல்லினத்தை நம் நாக்கு தானாகவே மெலித்துவிடும். தெலுங்கில் இவற்றுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. ஜப்பானியரின் அடிப்படை ஒலி எழுத்தான ஹிரகானா பழகும்வரை தெலுங்கிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஹிரகானாவில் 46 எழுத்து, பிறமொழிச் சொற்களை எழுதும் கதகானாவில் 46. நாளுக்கு ஐந்து என்று எழுதிப் பழகினால் மூன்று வாரம் போதும்.

குறில் நெடில் நமக்குப் பழக்கம் என்பதால் அங்கே சிரமம் வராது. 'ஒபசான்' என்றால் அத்தை, 'ஒபாசான்' என்றால் பாட்டி. ஒரு மாத்திரை கூடினால் ஆளே மாறிவிடுவார்.

ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையில் மையம் உண்டு. என்5 தொடக்கநிலை, என்1 உச்சம். இந்தத் தேர்வில் பேச்சுக்குப் பகுதியே கிடையாது. சான்றிதழோடு நேர்காணலுக்குப் போய் வாய் திறக்க முடியாமல் நிற்பவர்கள் அதனால்தான். படித்த ஒவ்வொரு பாடத்தையும் உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

கேள்வி: விசைத்தறி உதிரி பாகம் விற்கிறேன். சீன வியாபாரிகளிடம் நேரடியாகப் பேச ஆசை. சுரம் மாறினால் பொருள் மாறும் என்பதால் பயமாக இருக்கிறது.
– வாசகர், நகரி

பதில்: வியாபாரிக்கு அந்தப் பயம் நியாயமானதே. 'மை' என்பதை மூன்றாம் சுரத்தில் தாழ்த்திச் சொன்னால் வாங்குவது, நான்காம் சுரத்தில் சட்டென இறக்கினால் விற்பது. முதல் சுரம் உயர்ந்து சமமாக நிற்கும். இரண்டாவது, 'என்ன?' என்று வியந்து கேட்கும்போது ஏறுவதுபோல ஏறும். மூன்றாவது அடியில் கிடக்கும். நான்காவது, 'போ!' என்று அதட்டும் தொனி.

தனிச் சொல்லாகப் பழகினால் வாக்கியத்தில் குழறும். இரண்டிரண்டு அசையாக, 16 ஜோடியாகப் பழகுங்கள். மூன்றாம் சுரம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் சுரமாக மாறும். 'நீ ஹாவ்' என்ற வணக்கத்திலேயே இது நடக்கிறது.

சுரத்தைவிட நம்மவர்களை அதிகம் ஏமாற்றுவது மூச்சு. 1958இல் சீன அரசு ஏற்ற பின்யின் என்ற ரோமன் எழுத்து முறையில் 'பஸ்'ஸின் முதலெழுத்தைக் கண்டால் அதிர்வில்லாத நம் 'பல்' ஒலியைச் சொல்ல வேண்டும். 'பென்'னின் முதலெழுத்தைக் கண்டால் தெலுங்கு வரிசையில் இரண்டாவதாக வரும், மூச்சை ஊதிச் சொல்லும் ப. மூச்சில்லாமல் 'பாவ் லெ' என்றால் வயிறு நிறைந்தது, மூச்சோடு சொன்னால் ஓடிவிட்டது. வாய்க்கு முன்னால் துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள், மூச்சொலிக்கு மட்டும் அது அசைய வேண்டும். ஆளைக் குறிக்கும் 'ழென்' என்ற சொல்லுக்கு நம் ழகரமே ஏறக்குறையப் போதும்.

சீனத்தில் இலக்கணமே இல்லை என்று சிலர் சொல்வது தவறு. வினை திரிவதில்லை, அவ்வளவே. சொல் வரிசை பிசகினால் வாக்கியமே கெட்டுவிடும். விலை பேசும்போது எண்ணில் கவனம் வையுங்கள். அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக, 'வான்' என்று எண்ணுவார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். நான்கும் பத்தும் காதில் ஒன்றுபோல் விழும். தொகையை எழுதிக் காட்டி உறுதி செய்த பிறகே சரி சொல்லுங்கள்.

கேள்வி: ஜப்பானியரும் சீன எழுத்தைத்தானே எழுதுகிறார்கள்? ஒன்றைப் படித்தால் இரண்டும் வந்துவிடுமா?
– வாசகி, புத்தூர்

பதில்: பாதிதான் வரும், அம்மா. சீனத்தில் ஓர் எழுத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒலி. உயிர், பிறப்பைக் குறிக்கும் எழுத்து அங்கே 'ஷெங்' மட்டும். ஜப்பானியத்தில் அதுவே செய், ஷோ, நமா என்று இடத்துக்கு இடம் மாறும். ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் 'நிச்சியோபி'யில் முதலும் கடைசியும் ஒரே எழுத்து. முன்னது 'நிச்சி', பின்னது 'பி'. ஆகவே எழுத்தின் ஒலிப் பட்டியலை மனப்பாடம் செய்யாமல் சொல்லாகவே படியுங்கள்.

எண்ணிக்கையில் ஜப்பான் அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கு வைத்த பட்டியல் 2136. சீனாவின் 2013 பட்டியலில் முதல் நிலையே 3500. பொருளும் ஏமாற்றும். ஜப்பானில் 'கடிதம்' என்று எழுதும் இரண்டு எழுத்துகள் சீனாவில் கழிவறைக் காகிதம். தவிர, சீனா 1950களில் எழுத்துகளை வெகுவாகச் சுருக்கிவிட்டதால் வடிவமும் பல இடங்களில் வேறுபடும். ஒன்றில் இரண்டு ஆண்டாவது ஊன்றி நின்ற பிறகு மற்றதைத் தொடுங்கள்.

கேள்வி: ஜப்பானியம் தமிழிலிருந்து பிறந்ததா?
– வாசகர், குப்பம்

பதில்: சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்திருப்பது உண்மை. கொரிய மொழியும் துருக்கிய மொழியும்கூட வினையைக் கடைசியில் வைப்பவையே.