மான்செஸ்டரின் கப்பல்

அன்புள்ள ஐயா,

என் மகன் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன். அந்த அணியின் ஜெர்சியில் ஒரு கப்பல் இருக்கிறது. கடலே இல்லாத ஊருக்குக் கப்பல் எதற்கு என்று கேட்டான். அது அடிமைக் கப்பல் என்று சிலர் எழுதுகிறார்களே, உண்மையா?

வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கப்பல் மான்செஸ்டர் நகர மன்றத்தின் சின்னத்திலிருந்து வந்தது. போட்டி அணியான மான்செஸ்டர் சிட்டியின் சின்னத்திலும் கப்பல் உண்டு. மன்றத்துக்குச் சின்னம் வழங்கப்பட்டது 1842-இல். சிவப்புக் கேடயத்தில் சாய்வாக மூன்று பொன்பட்டைகள். ஊரின் மூன்று ஆறுகள் என்று பலரும் சொல்வார்கள். அவை அங்கே பழைய நிலப்பிரபுக்களாக இருந்த கிரெல்லி குடும்பத்தின் அடையாளம். உச்சியில் உலக உருண்டையின் மேல் ஏழு தேனீக்கள், உழைப்புக்காக.

கப்பல் குறிப்பது வணிகத்தை. ஊர்வரை கப்பல் வரக் கால்வாய் திறந்ததே 1894-இல்தான். அதுவரை ஊரின் துணி ஆலைகளுக்கான பஞ்சு லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கி ரயிலேறி வந்தது.

சின்னம் வரையப்பட்டபோது பிரிட்டனில் அடிமை வணிகம் தடை செய்யப்பட்டு 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனால் அதை அடிமைக் கப்பல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊருக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகள் பறித்தது. உங்கள் மகனின் கேள்வி அங்கே வலுவாக நிற்கிறது.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பஞ்சு வரத்து நின்று ஆலைகள் மூடிக் கிடந்தன. தொழிலாளர் வீடுகளில் பட்டினி. அந்த நிலையில் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூட்டம் கூட்டி, அடிமை முறையை எதிர்த்து லிங்கனுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அடுத்த மாதமே அவர் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். சின்னத்தில் இடம் கொடுப்பது என் கையில் இருந்தால், தேனீக்களுக்குப் பக்கத்தில் அந்தக் கடிதத்தை வைப்பேன்.

கப்பல் திரும்பும் வழியையும் மறக்க முடியவில்லை. மான்செஸ்டர் இருந்த லங்காஷயர் மாவட்டத்தின் ஆலைத் துணி இந்தியாவில் வந்து குவிந்து, நம் நெசவாளர்கள் பலரின் தறியை நிறுத்தியது. உங்கள் ஊரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே உறுத்தும்.

மகன் ஜெர்சியைக் கழற்ற வேண்டாம். அந்த ஊருக்குக் கப்பல் எதை ஏற்றி வந்தது, அங்கிருந்து எதை ஏற்றிப் போனது, இரண்டையும் அவனுக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்.