முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு செருப்பு காலில் நிற்கவில்லை

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. காசிமேட்டில் வலை பின்னுகிறார். கால் வில்லாக வளைந்து முட்டியின் உள்பக்கம் தேய்ந்ததால், எலும்பை வெட்டி நேராக்கும் ஆபரேஷன் செய்து ஏழு வாரம் ஆகிறது. முட்டி வலி குறைந்துவிட்டது. ஆனால் பாதத்தைத் தூக்க முடியவில்லை, செருப்பு கழன்று விழுகிறது. நரம்பை வெட்டிவிட்டார்கள் என்று தெருவில் சொல்கிறார்கள். எண்ணெய் போட்டு நீவலாமா?
- வாசகி, ராயபுரம்

பதில்: சகோதரி, தெருவில் சொல்வதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள், உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பெரோனியல் நரம்பு போகிறது. மேலே தோலைத் தவிர பெரிதாகப் பாதுகாப்பு இல்லை. பாதத்தைத் தூக்குவது அந்த நரம்பின் வேலை. வளைந்த எலும்பை நேராக்கும்போது அது இழுபடலாம். கட்டு இறுக்கமாக இருந்தாலும் நசுங்கும். வெளிப்பக்கம் ஆப்பு மாதிரி எலும்பை எடுத்து மூடும் முறையில் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். நரம்பு முழுசாக அறுந்துபோவது அபூர்வம்.

மரத்துப்போன நரம்பு சில வாரங்களிலேயே விழித்துக்கொள்ளும். உள்ளிழை அறுந்திருந்தால் நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும். எது என்று ஊகிக்க வேண்டாம். ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் இந்த வாரமே போய் நரம்பில் மின்சைகை எப்படிப் போகிறது என்று பார்க்கும் என்.சி.எஸ்., தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி. பரிசோதனை கேளுங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவும் உங்களுக்குப் பக்கம்தான். மூன்று மாதம் ஆகியும் அசைவே இல்லையென்றால் நரம்பைத் திறந்து பார்க்க வேண்டுமா என்று பேச வேண்டிவரும். அதனால்தான் 'தானாகச் சரியாகும்' என்று சும்மா இருக்கக் கூடாது என்கிறேன்.

நீவுவதால் நரம்பு வளராது. அந்த உருண்டை எலும்பின் மேல் அழுத்தித் தேய்த்தால் கெடுதல்தான். அதற்குப் பதில் பாதம் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கியபடியே விட்டால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் சுருங்கிவிடும், அப்புறம் பெரோனியல் நரம்பு குணமானாலும் பாதம் மேலே மடங்காது. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை, ஏ.எஃப்.ஓ. என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி, தினம் மூன்று நான்கு வேளை தன் பக்கம் மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உணர்வு குறைந்திருக்கலாம். அங்கே புண்பட்டாலும் தெரியாமல் போகலாம், இரவில் பாதத்தைப் பாருங்கள்.

வேலைக்குத் திரும்பினாலும் சம்மணமோ குத்துக்காலோ வேண்டாம், இரண்டுமே அந்த நரம்பை நசுக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, வலையை மடிக்கு இழுத்துப் பின்னட்டும்.